கடலோர மருத்துவம் – 21: வடுவில் விதைத்த உயிரணு

மாரடைப்பு வந்தவர் பிழைத்துக்கொள்ளலாம். செத்த தசை பிழைப்பதில்லை. முறிந்த எலும்பு கூடும், கிழிந்த தோல் மூடும், ஈரலில் பாதியை வெட்டி எடுத்தால்கூடச் சில மாதங்களில் மறுபடி வளர்ந்து நிற்கும். இதயத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ரத்தம் போய்ச் சேராமல் மடிந்த இடத்தில், துடிக்கத் தெரியாத தழும்பு ஒன்று வந்து உட்கார்ந்துகொள்கிறது. இடது கீழறையில் இருநூறு கோடியிலிருந்து நானூறு கோடி வரை தசையணுக்கள் இருக்கின்றன. பெரிய மாரடைப்பு ஒன்று சில மணி நேரத்தில் அவற்றில் நூறு கோடியைக் கொண்டுபோய்விடும்.

சென்ற பகுதியை, 1975-ல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் கே.எம். செரியன் செய்த பைபாஸ் அறுவையோடு நிறுத்தியிருந்தேன். அடைபட்ட குழாயைச் சுற்றிப் புதுவழி போடும் வித்தை அது. வழி போட்டாயிற்று. அந்த வழியே ரத்தம் போய்ச் சேருகிற இடத்தில் தசையே இல்லையென்றால் என்ன செய்வது? அந்தக் கேள்வியைத் துரத்திக்கொண்டு ஓடிய கால் நூற்றாண்டின் கதை இது. ஓடியவர்களுக்கு அவசரம் அதிகம். சிலரிடம் நேர்மையும் குறைவாக இருந்தது.

மரக்காணத்து உப்பளத்தில் நின்றுகொண்டு இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில், கழுவெளி ஏரிக்கும் கடலுக்கும் நடுவே, பக்கிங்காம் கால்வாய் வந்து முடிகிற இடம் இது. சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இதுவே என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. இன்று மூவாயிரம் ஏக்கருக்குக் குறையாமல் உப்பளம். தை பிறந்ததும் பாத்தி திருத்தத் தொடங்கினால் ஐப்பசி மழை வரும்வரை வெயில்தான் முதலாளி. நிழல் கிடையாது. கழிப்பறை தூரம் என்பதால் பெண்கள் தண்ணீரைக் குறைத்துக் குடிப்பார்கள். இந்த வெப்பம் தமிழக உப்பளத் தொழிலாளர்களின் சிறுநீரகத்தை என்ன செய்கிறது என்று போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அதை இத்தொடரில் பிறகு பார்க்கலாம்.

உப்பு வாரிக்கொண்டிருக்கும்போது ஒருவருக்கு நெஞ்சை அடைக்கிறது, இடது தோள் கடுக்கிறது, வேர்த்துக் கொட்டுகிறது. வெயிலில் வேர்ப்பதை யார் கண்டுகொள்வார்? “வாயுப் பிடிப்புதான்ணே, ஒரு சோடா குடிச்சா இறங்கிடும்” என்பார் பக்கத்தில் நிற்பவர். சோடா குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுப்பார். சாயங்காலம் வலி தாளாமல் வண்டி பிடித்துத் திண்டிவனத்துக்கோ, முண்டியம்பாக்கத்துக்கோ, கோரிமேட்டு ஜிப்மருக்கோ போய்ச் சேரும்போது தசை செத்து முடிந்திருக்கும். உயிர் தங்கும். ஆனால் சில மாதம் கழித்து கால் வீங்கும், பத்தடி நடந்தால் மூச்சு வாங்கும், மூட்டை தூக்க முடியாது. எக்கோ ரிப்போர்ட்டில் ‘ஈஎஃப் 30’ என்று எழுதியிருக்கும். ஒவ்வொரு துடிப்பிலும் கீழறை தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்கிற கணக்கு அது. நல்ல இதயத்துக்கு ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்க வேண்டும்.

“எலும்பு மஜ்ஜையில் இருந்து எடுத்த செல், பழுதான இதயத்தைப் புதுப்பிக்கும்” என்று 2000-களில் நாளிதழ்கள் எழுதியது இப்படிப்பட்டவர்களைப் பற்றித்தான். படித்தவர் நம்பியதில் வியப்பில்லை. எழுதியவர்களே நம்பித்தான் எழுதினார்கள்.

ஸ்டெம் செல், அதாவது குருத்தணு, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கண்டுபிடிப்பு என்று சொல்வார்கள். டொரன்டோவில் எர்னஸ்ட் மெக்கல்லக் என்ற மருத்துவரும் ஜேம்ஸ் டில் என்ற இயற்பியலாளரும் கதிர்வீச்சு பட்ட எலிகளுக்கு மற்ற எலிகளின் மஜ்ஜையை ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஞாயிறன்று ஆய்வகத்துக்கு வந்த மெக்கல்லக், எலிகளின் மண்ணீரலில் சிறுசிறு முடிச்சுகளைப் பார்த்தார். எண்ணினார். ஏற்றிய மஜ்ஜையின் அளவு கூடினால் முடிச்சுகளும் அதே கணக்கில் கூடின. ஒவ்வொரு முடிச்சும் ஒற்றை அணுவிலிருந்து பெருகியது என்று பின்னால் உறுதியானது. 1961-ல் வெளிவந்த அந்தக் கட்டுரைதான் ரத்தப் புற்றுக்கான மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு அறிவியல் அடித்தளம் போட்டது. வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதல் அந்தச் சிகிச்சை நடக்கிறது. அதில் மர்மம் ஏதுமில்லை: ரத்தத்தைப் பிறப்பிக்கும் அணு போய் ரத்தத்தைப் பிறப்பிக்கிறது.

ரத்தத்தைப் பிறப்பிக்கும் அணு இதயத்தசையையும் பிறப்பிக்குமா? நாற்றங்காலில் நெல் நாற்றைப் பிடுங்கிக் கொண்டுபோய் நட்டால் தென்னை முளைக்குமா என்று கேட்பது போலத்தான். ஆனால் 2001 ஏப்ரலில் ‘நேச்சர்’ இதழ் முளைக்கும் என்று சொன்னது. அமெரிக்காவின் டொனால்ட் ஆர்லிக், பியேரோ அன்வெர்சா ஆகியோரின் குழு எலிகளின் இதயக் குழாயைக் கட்டி மாரடைப்பை உண்டாக்கியது. செத்த பகுதியின் ஓரத்தில் மஜ்ஜை அணுக்களைச் செலுத்தியது. ஒன்பதே நாளில், செத்த பகுதியில் 68 சதவீதத்தைப் புதுத் தசை நிரப்பிவிட்டது என்று எழுதினார்கள். ஒன்பது நாள்! உடைந்த எலும்பு கூடுவதற்கே மாதக்கணக்கில் ஆகும்போது இது எப்படி என்று யாராவது நின்று நிதானமாகக் கேட்டிருக்கலாம்.

நிற்க யாருக்கும் பொழுதில்லை. அந்தக் கட்டுரை அச்சாவதற்குச் சில நாள் முன்பே, 2001 மார்ச் 30 அன்று, ஜெர்மனியின் டியூசல்டார்ஃப் நகரில் போடோ ஸ்ட்ரவர் 46 வயதான ஒருவருக்கு அவருடைய சொந்த மஜ்ஜையையே இதயக் குழாய் வழியாகச் செலுத்திவிட்டார். மாரடைப்பு வந்து ஆறு நாளே ஆகியிருந்த நோயாளி அவர். அதற்கு முந்திய ஆண்டிலேயே பாரிஸில் ஃபிலிப் மெனாஷே, தொடைத் தசையிலிருந்து எடுத்த அணுக்களை இதயத்தில் வைத்திருந்தார். அந்தத் தொடைத் தசையணுக்கள் இதயத்தில் தங்கின. ஆனால் அக்கம்பக்கத்து அணுக்களோடு ஒத்துத் துடிக்கத் தெரியவில்லை. பின்னால் பெரிய ஆய்வு நடந்தபோது பலன் இல்லை என்பதோடு, துடிப்புக் கோளாறு பற்றிய கவலையும் சேர்ந்தது. மெனாஷே அதை மறைக்காமல் எழுதினார். இந்தக் கதையில் மதிக்கத்தக்கவர்களில் அவரும் ஒருவர்.

மஜ்ஜை முறை எளிமையானது. அந்த எளிமையே அதற்குக் கவர்ச்சி. மரத்துப்போகும் ஊசி போட்டு இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை உறிஞ்சி எடுப்பார்கள். இயந்திரத்தில் சுழற்றி வேண்டிய அணுக்களைப் பிரித்துக் கழுவி, உப்புக் கரைசலில் மிதக்க விடுவார்கள். ஆஞ்சியோ செய்வதுபோலவே குழாய் செலுத்தி, பலூனைச் சில நிமிடம் ஊதி ரத்த ஓட்டத்தை நிறுத்தி, அணுக்களைக் கீழே இறக்குவார்கள். ஆஞ்சியோ வசதியுள்ள எந்த மருத்துவமனையும் செய்துவிடலாம்.

உப்புக் கரைசல் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது; உப்பளத்துக்காரர்களுக்கு இது பிடிக்கும். 1880-களில் லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர் தவளையின் இதயத்தை வெளியே எடுத்து உப்புநீரில் துடிக்க வைத்துக்கொண்டிருந்தார். நீண்ட நேரம் துடித்தது. ஒருநாள் காய்ச்சி வடித்த தூய நீரில் கரைசல் செய்தபோது துடிப்பு அடங்கிவிட்டது. அதுவரை கரைசலுக்குப் பயன்பட்டது குழாய்த் தண்ணீர் என்பது பிறகுதான் தெரிந்தது. லண்டன் தண்ணீரில் இருந்த கால்சியம்தான் இதயத்தைத் துடிக்க வைத்தது. கடல்நீரை வெயிலில் காயவிட்டால் பாத்தியில் முதலில் படிவதும் கால்சியம் சேர்ந்த பொருள்கள்தான், சமையலுப்பு அதற்குப் பிறகே. மருத்துவமனையில் இன்றும் ஏற்றும் ‘ரிங்கர் லாக்டேட்’ பாட்டிலில் அந்த மனிதரின் பெயர் இருக்கிறது.

மஜ்ஜைக்கு வருவோம். ஹனோவரில் 60 பேரிடம் நடந்த ஆய்வு 2004-ல் வெளிவந்தது. ஆறு மாதத்தில், அணு ஏற்றியவர்களின் ஈஎஃப் 6.7 புள்ளி கூடியது, ஏற்றாதவர்களுக்கு 0.7. உலகமே திரும்பிப் பார்த்தது. பதினெட்டாம் மாதம் மறுபடி அளந்தபோது அந்த வித்தியாசம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. இந்த இரண்டாம் செய்திக்கு முதல் செய்தியின் சத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடைக்கவில்லை. 2006 செப்டம்பரில், அமெரிக்காவின் முன்னணி மருத்துவ இதழொன்றின் ஒரே வெளியீட்டில் இரண்டு ஆய்வுகள் அடுத்தடுத்து வந்தன. ஃபிராங்க்ஃபர்ட் குழு 204 பேரிடம் நடத்தியதில் பலன் உண்டு. நார்வேயில் நடந்ததில் இல்லை. வாசித்த மருத்துவர்கள் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள்.

இதற்குள் அடித்தளமே ஆட்டம் கண்டிருந்தது. 2004-ல் அதே ‘நேச்சர்’ இதழில், சார்லஸ் மர்ரி, லாரன் ஃபீல்ட் குழுவும், ஸ்டான்ஃபோர்டில் இர்விங் வைஸ்மன், ராபர்ட் ராபின்ஸ் குழுவும் தனித்தனியாக எழுதினார்கள். மஜ்ஜை அணுக்களுக்கு மரபணு அடையாளம் போட்டு அனுப்பித் தேடிப் பார்த்திருந்தார்கள். அவை இதயத்தசையாக மாறவே இல்லை. ரத்த அணுக்களாகத்தான் இருந்தன. நியாயப்படி அங்கேயே மனிதர்கள் மீதான சோதனைகள் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை, விளக்கம் மட்டும் மாறியது. ‘அணு தசையாகாவிட்டால் என்ன, அது சுரக்கும் ஏதோ ஒன்று தசைக்கு நல்லது செய்கிறது’ என்றார்கள். அப்படியும் இருக்கலாம்தான். ஆனால் ஒரு சிகிச்சை எப்படி வேலை செய்கிறது என்பதற்கான காரணம் பொய்த்த பிறகும் சிகிச்சை தொடர்வது விநோதம்.

அன்வெர்சா இன்னொரு வழியில் போனார். இதயத்துக்குள்ளேயே குருத்தணு இருக்கிறது, அதை வளர்த்துத் திருப்பிச் செலுத்தலாம் என்றார். ஹார்வர்டைச் சேர்ந்த பிரிகாம் மருத்துவமனையில் பெரிய ஆய்வகம் அமைந்தது. 2011-ல் லூயிவில் நகரத்து மருத்துவர்களோடு சேர்ந்து ‘லான்செட்’டில் நோயாளிகளின் முடிவுகளை வெளியிட்டார். மூன்றே ஆண்டில் அந்தக் கட்டுரை மீது இதழே ஐயம் தெரிவித்தது. 2019-ல் திரும்பப் பெறப்பட்டது. 2017-ல், மோசடியான தரவுகளைக் காட்டி ஆராய்ச்சி நிதி பெற்றதாக எழுந்த குற்றச்சாட்டைத் தீர்த்துக்கொள்ள அந்த மருத்துவமனை அமெரிக்க அரசுக்கு ஒரு கோடி டாலர் கொடுத்தது. 2018 அக்டோபரில் ஹார்வர்டும் பிரிகாமும் அவருடைய ஆய்வகத்திலிருந்து வந்த 31 கட்டுரைகளைத் திரும்பப் பெறச் சொல்லி இதழ்களுக்கு எழுதின. உடன் வேலை செய்தவர் திருத்தியது, தமக்குத் தெரியாது என்பது அன்வெர்சா தரப்பு வாதம். பல வருடம் எத்தனையோ இளம் ஆய்வாளர்கள் அந்த அணுவைத் தங்கள் ஆய்வகங்களில் தேடிக் காணாமல், தங்கள் கைத்திறமையில்தான் குறை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

மோசடி ஒரு பக்கம் இருக்கட்டும். மோசடி இல்லாத இடத்திலும் தவறு மலிந்திருந்தது. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் டாரல் ஃபிரான்சிஸ் குழு 2014-ல் ஒரு வேலை செய்தது. மஜ்ஜை சிகிச்சை பற்றிய 49 ஆய்வுகளை எடுத்து, கூட்டல் கழித்தல் சரியா, அட்டவணையும் கட்டுரையும் ஒத்துப்போகின்றனவா என்று கணக்குப்பிள்ளை மாதிரி சரிபார்த்தது. 604 முரண்பாடுகள் கிடைத்தன. முரண்பாடு கூடக்கூட, சொல்லப்பட்ட பலனும் கூடியிருந்தது. முரண்பாடே இல்லாத ஆய்வுகள் ஐந்துதான். அவற்றில் பலன் பூஜ்யத்தை ஒட்டியே இருந்தது. என்னைக் கேட்டால், இந்தத் துறையில் வந்த கட்டுரைகளிலேயே மிகவும் பயனுள்ளது இதுதான். ஒரு எலியும் சாகவில்லை, ஒரு நோயாளிக்கும் ஊசி குத்தவில்லை.

இந்தியா பின்தங்கி நிற்கவில்லை. டெல்லி எய்ம்ஸில் பி. வேணுகோபால் தலைமையில் 2003-லேயே இதயத்தில் ஸ்டெம் செல் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். 1994-ல் நாட்டின் முதல் இதய மாற்று அறுவையைச் செய்தவர் அவர். 2005 தொடக்கத்தில் அந்த நிறுவனம் முப்பதுக்கு மேற்பட்ட நோயாளிகளுக்குச் செய்து முடித்ததை அறிவித்தபோது நாளிதழ்களின் முதல் பக்கத்தில் வந்தது. ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்கும் சிகிச்சைக்குமென்று தனி வழிகாட்டு நெறிமுறை அப்போது நாட்டில் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிர்த்தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து அதை வெளியிட்டது 2007-ல்தான். இடையில் கிடைத்த திறந்தவெளியில் தனியார் பலர் கடை விரித்தார்கள். முதுகெலும்பு, கண், சர்க்கரை, ஆட்டிசம், இதயம் என்று எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து. 2013-ல் நெறிமுறையைத் திருத்தியபோது தலைப்பிலிருந்தே சிகிச்சை என்பதை நீக்கிவிட்டார்கள். ரத்த நோய்களுக்கான அங்கீகரிக்கப்பட்ட மஜ்ஜை மாற்றைத் தவிர மற்றவை எல்லாம் ஆராய்ச்சி, அதற்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது என்பது நிலைப்பாடு. 2019-ன் புதிய மருந்து விதிகள் ஸ்டெம் செல்லில் இருந்து தயாராகும் பொருளையும் புதிய மருந்தாகவே கருதுகின்றன.

கடற்கரைக் கிராமங்களில் இன்றும் காதில் விழும் கேள்வி தொப்புள்கொடியைப் பற்றியது. “பிரசவத்தப்போ ரத்தத்தைச் சேமிச்சு வெச்சா, பிள்ளைக்குப் பின்னாடி ஹார்ட் பிரச்சினை வந்தாக்கூட உதவும்னு சொன்னாங்களே?” தவணைத் திட்டத்தோடு வந்து இப்படி விற்றவர்கள் உண்டு. ஒருவர் தன் பிற்காலத் தேவைக்கென்று தன் தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிப்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று 2017 நெறிமுறை எழுத்தில் சொல்லியிருக்கிறது. உப்பளக் கூலியிலிருந்து அதற்குத் தவணை கட்ட வேண்டியதில்லை.

ஆனால் இந்தியாவில் நடந்த ஒரு நல்ல காரியத்தையும் சொல்ல வேண்டும். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ராணுவ மருத்துவமனையின் வேலு நாயர் தலைமையில் ஐந்து பெரிய மருத்துவமனைகள் சேர்ந்து, மாரடைப்பு வந்த 250 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு மஜ்ஜை அணுக்களை ஏற்றிப் பார்த்தன. 2015-ல் முடிவு வந்தது. ஆறு மாதத்தில் இரு தரப்புக்குமே ஈஎஃப் ஏறக்குறைய ஐந்து புள்ளி கூடியிருந்தது. அதாவது வழக்கமான மருந்து சாப்பிட்டவர்களும் அதே அளவுக்குத் தேறினார்கள். ஒப்பிட ஆளில்லாமல் செய்திருந்தால் அந்த ஐந்து புள்ளியும் ஸ்டெம் செல்லின் சாதனையாக விளம்பரத்தில் வந்திருக்கும். அதிக எண்ணிக்கையில் அணு ஏற்றியவர்களிடம் மட்டும் கொஞ்சம் கூடுதல் பலன் தெரிந்தது. அதை மேலும் ஆராய வேண்டும் என்று அடக்கமாக எழுதியிருந்தார்கள். அதே ஆண்டு, பெங்களூருவின் ஸ்டெம்பியூட்டிக்ஸ் நிறுவனம், வேறொருவரின் மஜ்ஜையிலிருந்து வளர்த்த அணுக்களை மாரடைப்பு வந்த 20 பேரிடம் சோதித்த முடிவு வெளிவந்தது. ஆபத்தில்லை, பலனும் தெரியவில்லை. அந்த அணுவே பின்னால், புகைபிடிப்பவர்களுக்குக் கால் விரல் அழுகும் பர்ஜர் நோய்க்கு நிபந்தனையோடு அனுமதி பெற்றது. வேலூரில் 2005 முதல் இயங்கும் ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம் இதயத்தை நம்பி இருக்கவில்லை. ரத்தக் குருத்தணுவிலேயே ஊன்றி நின்று, ஹீமோஃபிலியாவுக்கு மரபணு சிகிச்சை செய்து 2024-ல் உலகத்தின் பார்வையைப் பெற்றது. அலோக் ஸ்ரீவஸ்தவா வழிநடத்திய குழு அது.

இறுதித் தீர்ப்பைச் சொல்ல வேண்டிய ஆய்வு ஐரோப்பாவில் திட்டமிடப்பட்டது. 3,000 நோயாளிகள், ஈஎஃப் கூடுகிறதா என்ற பேச்சே இல்லை, சாவு குறைகிறதா என்பது மட்டுமே கேள்வி. இந்தத் துறையிலேயே நேரான கேள்வி அதுதான். ஆனால் 375 பேருக்கு மேல் ஆள் சேரவில்லை. 2020-ல் அரைகுறையாக வந்த முடிவில் ஒரு விஷயம் கண்ணில் படுகிறது. இரண்டு வருடத்தில் 12 சதவீதம் பேர் இறப்பார்கள் என்று எதிர்பார்த்திருந்தார்கள். இறந்தது, அணு ஏற்றியவர்களில் 3.26 சதவீதம், ஏற்றாதவர்களில் 3.82. எல்லோருக்கும் மாரடைப்பு வந்தவுடனே குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைத்து, நல்ல மருந்தும் கொடுத்திருந்தார்கள். ஸ்டெம் செல் வந்து காப்பாற்றுவதற்கு அங்கே ஆள் மிச்சமில்லை.

அந்த ‘உடனே’தான் மரக்காணத்தில் கிடைக்காத சரக்கு. தமிழ்நாட்டில் அதைக் கிடைக்கச் செய்ய முயன்றவர்கள் கோவையின் தாமஸ் அலெக்சாண்டர், சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனின் அஜித் முல்லசாரி முதலியோர். ஆஞ்சியோ வசதியுள்ள பெரிய மருத்துவமனையை நடுவில் வைத்து, சுற்றியுள்ள சிறு மருத்துவமனைகளை அதோடு இணைத்தார்கள். 108 ஆம்புலன்ஸ் சேர்ந்தது. சிறு மருத்துவமனையில் எடுத்த ஈசிஜி தொலைவில் இருக்கும் நிபுணருக்கு உடனே போகும். ரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்தை அங்கேயே போட்டுவிட்டு, அடுத்த நாளுக்குள் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி ஆஞ்சியோ. 2012-லிருந்து 2014 வரை 2,420 நோயாளிகளை வைத்து, திட்டத்துக்கு முன், பின் என்று ஒப்பிட்டார்கள். ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள். ஏழைகளில் பலருக்கு அரசுக் காப்பீடு செலவை ஏற்றது. இதைச் செய்ய ஒரு புது அணுவும் தேவைப்படவில்லை. தொலைபேசி, வண்டி, ஈசிஜி, பழைய மருந்து ஒன்று, இரவு இரண்டு மணிக்கு போனை எடுக்கிற ஒரு டாக்டர்.

2023 ஜூனில் தமிழக அரசு ‘இதயம் காப்போம்’ திட்டத்தைத் தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் நெஞ்சுவலியோடு வருபவருக்கு அங்கேயே 14 மாத்திரை: ஆஸ்பிரின் இரண்டு, குளோபிடோகிரல் நான்கு, அட்டோர்வாஸ்டாட்டின் எட்டு. கொடுத்துவிட்டு வண்டி ஏற்றுகிறார்கள். செத்த நூறு கோடி அணுக்களை மீட்டெடுக்கும் ஆராய்ச்சிக்குச் செலவான கோடிகளோடு ஒப்பிட்டால் இது சில்லறைக் காசு. சோடா குடிக்காமல் நேரே சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும் என்பதுதான் இதில் பாக்கி. அதைச் சொல்லும் வேலை கங்காணிக்கும், சங்கத்துக்கும், டீக்கடைக்காரருக்கும்கூட உண்டு.

ஆராய்ச்சி வீண் என்று நான் சொல்லவில்லை. இதயம் கொஞ்சமாவது தன்னைப் புதுப்பிக்கிறதா என்ற கேள்விக்கு 2009-ல் ஸ்வீடனின் யோனாஸ் ஃபிரிசன் குழு கண்ட விடை, நான் படித்த அறிவியல் கதைகளில் அழகானது. 1950-களிலும் அறுபதுகளின் தொடக்கத்திலும் வல்லரசுகள் திறந்தவெளியில் அணுகுண்டு வெடித்துப் பார்த்ததில் காற்றிலுள்ள கார்பன்-14 அளவு ஏறியது. 1963-ல் அதைத் தடைசெய்யும் ஒப்பந்தம் வந்தபின் மெல்ல இறங்கியது. அந்தக் கார்பன் செடியில் ஏறி, சோற்றில் ஏறி, உலகத்தில் எல்லா உடம்பிலும், கழுவெளிக் கரை மனிதர் உடம்பிலும், அணுக்களின் மரபுப்பொருளில் போய் உட்கார்ந்தது. ஓர் அணு எந்த வருடம் பிறந்தது என்பதை அதன் கார்பனே சொல்லிவிடும். இறந்தவர்களின் இதயத்தில் அதை அளந்தார்கள். இருபத்தைந்து வயதில் ஆண்டுக்கு ஒரு சதவீதத் தசையணு புதிதாகிறது. எழுபத்தைந்தில் அரை சதவீதத்துக்கும் குறைவு. இதயம் தன்னைப் புதுப்பிக்கத்தான் செய்கிறது. ஆனால் மாரடைப்பின் வேகத்துக்கு ஈடுகொடுக்க அதனால் ஆகாது.

புதுப்பித்துக்கொள்ளத் தெரிந்த இதயம் ஒன்று நம்மூரிலேயே மலிவாகக் கிடைக்கிறது. சென்னை கொளத்தூர் கடைகளில் கண்ணாடித் தொட்டியில் விற்கும் வரிமீன். கங்கைச் சமவெளியின் மீனான இதை 1822-ல் ஃபிரான்சிஸ் ஹாமில்டன் பெயரிட்டு விவரித்தார். 1800-ல் சென்னையிலிருந்து மைசூர் வழியாகப் பயணம் செய்து, புக்கானன் என்ற பெயரில் குறிப்பெழுதியவரும் அவர்தான். இந்த மீனின் கீழறையில் ஐந்தில் ஒரு பங்கை வெட்டினாலும் இரண்டே மாதத்தில் முழுதாக வளர்ந்துவிடுகிறது என்று 2002-ல் தெரிந்தது. அங்கே குருத்தணு வந்து தசையாவதில்லை. பிழைத்திருக்கும் தசையணுவே பிரிந்து பெருகுகிறது. பிறந்த முதல் நாள் எலிக்குட்டிக்கும் இது முடியும் என்று 2011-ல் கண்டார்கள். ஒரு வாரத்துக்குள் அந்தத் திறன் போய்விடுகிறது. ஏன் போகிறது என்பதுதான் இப்போதைய தேடல். மஜ்ஜையைத் தேடியதைவிட இது நல்ல இடத்தில் தேடுவது என்பது என் எண்ணம்.

இன்னொரு திக்கில், அணுவை ஊசியில் ஏற்றாமல், துடிக்கும் தசையையே ஆய்வகத்தில் நெய்து ஒட்டுப்போடுகிறார்கள். ஷின்யா யமனாகா 2006-ல் எலியின் தோலணுவைக் குருத்தணுவாகத் திருப்பிக் காட்டியதில் பிறந்தது இந்த வழி. 2020 ஜனவரியில் ஒசாகாவில் யோஷிகி சாவா அத்தகைய தசைத் தாளை ஒரு நோயாளியின் இதயத்தில் ஒட்டினார். ஜெர்மனியின் கோட்டிங்கன் குழு, குரங்குகளிலும் ஒரு நோயாளியிலும் ஒட்டிய தசை தங்கியிருப்பதை 2025 ஜனவரியில் ‘நேச்சர்’ இதழில் காட்டியது. இம்முறை துடிக்கிற அணுவைத்தான் வைக்கிறார்கள். உடம்பு அதைத் தள்ளிவிடாமல் இருக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து வேண்டும். துடிப்பு தாறுமாறாகும் அபாயமும் முழுசாகப் போய்விடவில்லை. பலன் இன்னும் முழுதாக நிரூபணமாகவில்லை. யாராவது இப்போதே காசுக்கு விற்க வந்தால் வாசலோடு அனுப்பிவிடலாம்.

இந்தப் பகுதியில் ‘பழைய மருந்து ஒன்று’ என்று போகிறபோக்கில் சொன்னேனே, அது ஸ்ட்ரெப்டோகைனேஸ். தொண்டைப் புண்ணுக்குக் காரணமான கிருமியிடமிருந்து 1933-ல் கிடைத்தது. 1988-ல் 17,187 பேரிடம் சோதித்து, ஆஸ்பிரினோடு சேர்த்துக் கொடுத்தால் ஐந்து வாரத்தில் ரத்தநாளக் காரணங்களால் நேரும் சாவை 13.2 சதவீதத்திலிருந்து 8 சதவீதத்துக்குக் கொண்டுவரும் என்று காட்டினார்கள். அதை இறக்குமதி செய்து கட்டுப்படியாகாமல் சண்டிகரில் கிரீஷ் சாஹ்னியும் கூட்டாளிகளும் இங்கேயே தயாரிக்கப் போராடிய கதையை அடுத்த பகுதியில் பார்க்கலாம்.

(தொடரும்)